கயிற்றில் கை வைத்தவருக்குக் கறிக்கு மீன்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் பிற்பகுதி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரமளவில் இருந்தது. கல்முனைக்குடிக் கடற்கரையில் நடந்த ஒரு சின்ன விஷயம் இது. நாட்டில் அப்போது எவ்வளவோ பெரிய விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. ஊர் நடப்புகளைத் திகதியோடு எழுதி வைப்பது எனக்குப் பழைய பழக்கம் என்பதால் அவற்றில் பலதையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த நெருக்கடிக் காலம் எப்படியிருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான்.

அந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, காஸ் சிலிண்டருக்கு வெயிலில் வரிசை. நான் ஓர் அரச அலுவலகத்தில், ஊர்ப் பேச்சில் கந்தோரில், எழுதுவினைஞர். போக்குவரத்து இல்லாததால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் மட்டும் குறையாமல் வந்தது. பொருட்களின் விலை ஏறியதால் அதன் பெறுமதி பாதியாகிவிட்டது என்று நாங்கள் முணுமுணுத்தோம். முணுமுணுக்கவாவது எங்களிடம் ஒரு சம்பளம் இருந்தது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்ததும் கடற்கரையில் நடக்கப் போவோம். நானும், ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர் ஒருவரும், இரண்டு ஆசிரியர்களும். முகாமையாளரை ஊரில் எல்லோரும் மனேஜர் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். ஓய்வு பெற்ற பிறகும் சேர்ட்டின் பொக்கற்றில் இரண்டு பேனை வைத்திருக்கும் மனிதர். வட்டிக் கணக்கில் எப்படியோ, கொடுக்கிற விஷயத்தில் கை தாராளம்.

மண்ணெண்ணெய் கிடைக்காததால் இயந்திரப் படகுகளெல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தன. துடுப்புப் போட்டுக்கொண்டு போய் வளைத்து வருகிற கரைவலை மட்டும்தான் ஓடியது. கரைவலை பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். தோணியில் வலையைக் கொண்டுபோய் அரை வட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்று நுனிகளையும் கரையில் நின்று இரண்டு பக்கமாக இழுப்பார்கள். மீன் நடுவிலுள்ள மடிக்குள் வந்து சேரும். நிரந்தரமாக இழுக்கும் ஆட்களுக்கு மீன் விற்ற காசில் பங்கு உண்டு. அவர்களைத் தவிர, யாராக இருந்தாலும் கயிற்றில் கை வைத்து மடி கரையேறும் வரைக்கும் இழுத்தால், அவருக்குக் கறிக்கு மீன் உண்டு. ஒரு பிளாஸ்டிக் கோப்பையால் அள்ளி அவரவர் பையில் போடுவார்கள். நீ யார், எந்த ஊர், ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். இந்த வழக்கம் எப்போது வந்தது என்று விசாரித்துப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஜூன் மாதம் கயிற்றுக்கு வரும் ஆட்கள் கூடிவிட்டார்கள். மேசன் வேலை நின்றுபோனவர்கள், முச்சக்கர வண்டியை வீட்டில் நிறுத்தியவர்கள், காரைதீவுப் பக்கமிருந்து சைக்கிளில் வந்தவர்கள். அவர்களுக்குள் என்னோடு ஒன்றாகப் படித்த ஒருவனையும் கண்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை வைத்திருந்தவன். காஸும் இல்லை, கோதுமை மா விலையும் தாங்காது என்றாகி கடையைப் பூட்டியிருந்தான். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு, கடைக்குப் போகிற மாதிரியேதான் கயிற்றுக்கும் வருவான்.

ஒரு நாள் சும்மா நிற்கிறோமே என்று நாங்களும் கயிற்றைப் பிடித்தோம். என் கை தோல் உரிந்து எரிந்தது. அவன் எதிரே நின்று சிரித்தான்.

"பயப்படாத மச்சான். கந்தோர்ல சனத்த இழுத்தடிச்சுப் பழகின கைதானே, வலையும் இழுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மடி கரையேறியது. கீரி மீனும் சூடை மீனும் துள்ளின. கோப்பையோடு வந்தவர் எங்களுக்கும் அள்ளி நீட்டினார். மனேஜர் காக்கா வேண்டாம் என்று கையை ஆட்டினார். நாங்கள் உடற்பயிற்சிக்காக இழுத்தோம், எங்களுக்கு எதற்கு மீன் என்றார். நாங்களும் வேண்டாமென்றோம். திரும்பி நடக்கும்போது மனதுக்கு இதமாக இருந்தது. காசுக்காகவே எல்லாவற்றையும் செய்கிற உலகத்தில் ஒரு வேலையை வேலைக்காகவே செய்ததுபோல் ஒரு நினைப்பு. இப்படியான கருத்துகளைப் புத்தகங்களில் நிறைய வாசித்திருக்கிறேன். அன்றைக்கு அதை வாழ்ந்தே பார்த்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு இது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. வேறு சில உத்தியோகத்தர்களும் சேர்ந்தார்கள். ஒருவர் கையுறை கொண்டுவந்தார். ஒருவர் படமெடுத்து முகநூலில் போட்டார். மீனை வேண்டாமென்று விட்டால் அது வலை முதலாளிக்குத்தானே போகிறது என்று மனேஜர் காக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் மீனையெல்லாம் வாங்கி ஒரு பிளாஸ்டிக் பேசினில் சேர்த்து, கரையிலேயே வைத்து இல்லாதவர்களுக்குச் சதகாவாக, தருமமாகக் கொடுத்துவிடுவோம் என்றார். நல்ல யோசனை என்று நான்தான் முதலில் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை பேசின் வந்தது. பெரிய நீல நிறப் பேசின். மனேஜர் காக்கா அதற்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வாங்கியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனார்கள். அது மரியாதை என்றுதான் நான் நினைத்தேன். அப்போது கொத்துரொட்டிக் கடைக்காரனான என் கூட்டாளி தன் பையில் மீனோடு எங்களைக் கடந்து போனான்.

"தம்பி, இஞ்ச வாங்க. இதையும் கொண்டு போங்க. புள்ளைகளுக்கு ஆகும். நம்மட சதகாதான்" என்றார் மனேஜர் காக்கா.

அவன் நின்றான். சுற்றி ஆட்கள். அவனுடைய கடையில் சாப்பிட்டவர்கள் அதில் பாதிப்பேர் இருந்திருப்பார்கள். அவன் எங்களையும் பேசினையும் பார்த்தான். பிறகு கிட்ட வந்து, கோபமில்லாத குரலில், "அப்ப இதையும் சேத்துக் குடுங்க காக்கா" என்று சொல்லி, தான் இழுத்துச் சம்பாதித்த மீனையும் அந்தப் பேசினுக்குள் கொட்டினான். வெறும் பையைக் கடல் தண்ணீரில் அலசி, உதறி, நான்காக மடித்து காற்சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"மாஷா அல்லாஹ். தனக்கே இல்லாத நேரத்துலயும் குடுக்கிற மனசப் பாருங்க" என்றார் மனேஜர் காக்கா. அவருடைய கண் கலங்கிவிட்டது. நானும் தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மடித்த பை என் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, எங்கள் பக்கம் வலை இல்லை. சனிக்கிழமை அவனைக் காணவில்லை. ஞாயிறும் இல்லை. இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. கறிக்கு மீன் அள்ளுகிற கோப்பை சின்னதாகிவிட்டது. வலை முதலாளியிடம் ஒருவர் கேட்டதற்கு, இழுப்பதற்கு இப்போது ஆளுக்குப் பஞ்சமில்லை, உத்தியோகத்தர்மார் தங்களுக்கென்று ஒன்றும் எடுக்காமல் சும்மாவே இழுக்கிறார்கள், பிறகு எதற்குப் பெரிய கோப்பை என்று அவர் பதில் சொன்னாராம். முதலாளி கெட்ட மனிதரில்லை. வியாபாரி. குறைந்த விலைக்கு ஆள் கிடைத்தால் குறைந்த விலையைத்தானே கொடுப்பார்? அந்தக் குறைந்த விலைக்கு வந்த ஆட்கள் நாங்கள்.

திங்கட்கிழமை காலையில் கடற்கரையிலிருந்து நேரே அவனுடைய வீட்டுக்குச் சைக்கிளை விட்டேன். அவனுடைய வீடு என்று எழுதுகிறேன், ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது. கல்யாணம் முடித்து ஆண்தான் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். அந்த வீட்டில் அவனுக்கென்று ஒரு கல்லும் இல்லை. காலையில் கையில் கறிக்கு மீனோடு உள்ளே வருவதில்தான் அவனுடைய இடம் இருக்கிறது. இதை யாரும் வாயால் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அவன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவனுடைய மனைவி என்னைக் கண்டு வாசலுக்கு வந்தாள்.

"காக்கா, இப்ப வலை வளைக்கிறல்லயா? கடல் நீரோட்டம் சரியில்லையாம் எண்டு இவர் சொல்றார்."

நான் உடுத்திருந்த சாரத்தின் கீழ்ப்பக்கம் நனைந்து மணல் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் கொஞ்சம் தடுமாறி, நீரோட்டம் இழுவையாகத்தான் இருக்கிறது தங்கச்சி என்றேன். அவள் தன் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் உள்ளேயிருந்து மனைவியின் தாயான அவனுடைய மாமியின் குரல் வந்தது. யாரையும் குறித்துச் சொன்னதல்ல.

"இண்டைக்கும் பருப்புத்தானா?"

அவனுடைய கோடரி அப்படியே நின்றது. பிறகு அதைச் சுவரில் சாத்திவிட்டு, வா மச்சான் என்று என்னைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தக் குறுகலான ஒழுங்கை முடிகிற இடத்தில் நின்றோம்.

நான்தான் தொடங்கினேன். மனேஜர் காக்கா நல்ல மனதோடுதான் செய்தார், உன்னைக் குறைத்து நினைக்கவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியும். அவர்ல ஒரு கோவமும் இல்ல" என்றான். "ஆனா நீ ஒண்ட யோசிச்சுப் பாரு. நான் அங்க மீன் கேட்டுப் போகல்ல. இழுத்தன், எடுத்தன். மொதலாளிக்கும் நான் கடனில்ல, மொதலாளியும் எனக்குக் கடனில்ல. என்ட புள்ளைகளுக்கு, வாப்பா புடிச்ச மீன் எண்டு சொல்லிக் குடுத்தன். நீங்க வந்து அதே கயித்த சும்மா இழுத்துப்போட்டு, அதே மீன பிச்சையாக் குடுத்தா, என்ட பையில கிடக்கிறது என்ன மீன்? அத நீ சொல்லு."

 அப்படியென்றால் நாங்கள் வராமல் விட்டுவிடுகிறோம் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

"வராத எண்டு சொல்ல கடல் என்ட சீதனமா? வா. நல்லா இழு. ஆனா இழுத்தா எடு. எடுத்துக்கொண்டு றோட்டால நடந்து போ. எங்களைப் போல."

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மனேஜர் காக்காவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன், மாமியின் பேச்சை மட்டும் விட்டுவிட்டு. அவர் மனம் நொந்துபோனார். கொஞ்ச நேரத்தில் வாதாடவும் தொடங்கினார். சொன்னதில் நியாயம் இல்லாமலுமில்லை. சதகா கொடுப்பது நமக்குச் சொல்லப்பட்டது, அதை எப்படி நிறுத்துவது? தேவையில்லாதவன் மீனை எடுப்பதுதானே பிழை? அவன் எடுக்கிற ஒரு கோப்பை இன்னொருவருடைய கறியல்லவா? வேலை என்றால் காசுக்கும் மீனுக்கும் மட்டும்தானா?

நான் அவரிடம் ஒன்றைக் கேட்டேன். நீங்கள் வங்கியில் இருந்த காலத்தில் வசதியான ஒருவர் வந்து, எனக்குச் சம்பளம் வேண்டாம், பொழுது போவதற்குக் காசாளராக இருக்கிறேன் என்று சொன்னால் சேர்த்திருப்பீர்களா?

"யூனியன் விட்டிருக்குமா?" என்று சிரித்தார்.

எதற்காக விடாது என்று கேட்டேன்.

 அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டின் நுனியால் துடைத்தார். தேநீர் வந்தது, குடித்தோம். பிறகு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாட்டு விலை எப்படிப் போகும் என்று கதைத்தார். நான் எழும்பி வரும்போதும் அந்த விஷயத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை. என் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சீலைப் பை. மனேஜர் காக்கா எனக்கு முந்தியே வந்து கயிற்றில் நின்றார். நீலப் பேசினைக் காணவில்லை. என் கூட்டாளி வருவானா என்று ஒழுங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டே இழுத்தேன். முந்தின நாள் ஒழுங்கையில் பிரியும்போது, நாளைக்குப் பையோடு வருவேன் என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தேன், அவன் ஒரு வாக்கும் தரவில்லை. கயிறு பாதிக்கு மேல் வந்த பிறகு, தூரத்துக் கயிற்றின் கடைசி ஆளாக அவன் வந்து சேர்ந்தான். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. காலை மணலில் ஊன்றி இழுக்கத் தொடங்கினான்.

மடி கரையேறியது. நல்ல பாடு, மடி நிறைய மீன். கோப்பைக்காரர் வரிசையில் அள்ளிக்கொண்டு வந்தார், அதே சின்னக் கோப்பை. மனேஜர் காக்கா பேனைகளுக்குப் பின்னால் கையை விட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு மடித்த பையை எடுத்தார். விரித்துப் பிடித்தார். கோப்பைக்காரர் ஒருகணம் முழித்துவிட்டு அள்ளிப் போட்டார். மனேஜர் காக்கா பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, பூனைக்கா?"

 வலை முதலாளி எழும்பி வந்தார். உங்களுக்கு எதற்கு காக்கா, நீங்கள்தான் உங்களுக்கென்று எடுப்பதில்லையே என்று பணிவாகக் கேட்டார்.

"இண்டையிலிருந்து எடுக்கிறன். இழுக்கேக்க மட்டும் முழு ஆள், மீன் தரேக்க அரை ஆளா? போன கிழமை இரிந்த கோப்ப எங்க? அத எடுத்து எல்லாருக்கும் ஒழுங்கா அள்ளச் சொல்லுங்க. நான் பாத்துக்கொண்டுதான் நிப்பன்."

கடன் கட்டாதவர்களோடு கதைத்துப் பழகிய அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. மீன் வாங்க வசதியில்லாதவராக அவரை ஊரில் யாரும் நினைக்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு கோப்பை கீரி மீனுக்காக நடுக் கடற்கரையில் வாய்ச்சண்டை பிடிக்கிற ஆளாக அவர் அன்றைக்குத் தன்னை ஆக்கிக்கொண்டார். முதலாளி தலையைச் சொறிந்தார். பெரிய கோப்பையை எடுங்கடா என்று தோணிப் பக்கம் திரும்பிச் சொன்னார். முதலில் வாங்கியவர்களெல்லாம் பையை விரித்துக்கொண்டு திரும்ப வந்தார்கள்.

என் கூட்டாளியின் முறை வந்தது. பெரிய கோப்பையால் வாங்கினான். வாங்கிக்கொண்டு மனேஜர் காக்காவின் பக்கம் போனான்.

"காக்கா, உங்கட பையில ரெண்டு பாரைக்குட்டியும் விழுந்தத நான் கண்டன்."

"சண்ட பிடிச்சதுக்குக் கூலி தம்பி" என்றார் அவர்.

மூன்று பேரும் ஒன்றாகப் பெரிய வீதிக்கு ஏறினோம். பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. எதிரே வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி மனேஜர் காக்காவின் பையைப் பார்த்தார், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார். இழுத்த மீன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார். எனக்கு உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. எங்கள் அலுவலகத்து ஆட்கள் யாரும் கண்டுவிடக் கூடாதே என்றுகூட நினைத்தேன். அந்த வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த பிறகுதான், இத்தனை நாளும் மீனை வேண்டாமென்று சொன்னபோது நான் எந்த உயரத்தில் நின்று சொன்னேன் என்பது எனக்கு விளங்கியது.

ஒழுங்கை வாசலில் அவன் திரும்பினான். நானும் கொஞ்சம் நின்றேன். உள்ளேயிருந்து மாமி என்ன மீன் என்று கேட்பதும், கீரி மாமி, நல்ல நெய்க் கீரி என்று அவன் தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்வதும் கேட்டது.

காஸ் வந்தது, மா வந்தது, அடுத்த வருடம் அவன் கடையைத் திறந்தான். மனேஜர் காக்கா கொடுப்பதை நிறுத்தவில்லை. யாருக்கு, எப்படிக் கொடுக்கிறார் என்பது மட்டும் இப்போது எங்களுக்குத் தெரிவதில்லை. வேலை என்பது காசுக்காக மட்டும்தானா என்ற கேள்வியை நான் இன்றும் புத்தகங்களில் வாசிக்கிறேன், இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் எனக்குத் தேவையில்லை என்பதற்காக ஒரு வேலையின் கூலியை வேண்டாமென்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அதே கயிற்றை எனக்குப் பக்கத்தில் பிடித்திருப்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.